ஒரே கிளிக்கர், இரண்டு வகுப்புகள்: மாணவர் ஈடுபாடு எங்கிருந்து வருகிறது? – ஒரு நிகழ்வு ஆய்வு

வகுப்பறைத் தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தாலே முதலில் வருவது "எதை வாங்கலாம்?" என்ற கேள்விதான். ஸ்மார்ட் போர்டா, டேப்லெட்டா, கைபேசியில் ஓடும் வினாடி வினாச் செயலியா என்று விவாதம் நடக்கும். வாங்கிய புதிதில் வகுப்பு களைகட்டும். அந்தப் புதுமை தீர்ந்ததும் பின்வரிசை மறுபடி தூங்கத் தொடங்கும். கடைசியில் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் நாட்டமில்லை" என்று பழி மாணவர்கள்மேல் வந்து விழும். அது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு ஆதாரமாக நான் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கும் ஒரு நிகழ்வை இங்கே விரிவாக எடுத்துவைக்கிறேன்.

தொழில்நுட்பம் ஈடுபாட்டைக் கூட்டியது என்று சொல்லும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு சிக்கல் உண்டு. கருவியும் மாறியிருக்கும், ஆசிரியரின் உற்சாகமும் மாறியிருக்கும், பாடம் நடத்தும் முறையும் மாறியிருக்கும். விளைவு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது. நான் எடுத்துக்கொண்ட நிகழ்வில் இரண்டு வகுப்புகளிலும் கருவி ஒன்றே: கிளிக்கர், அதாவது பொத்தானை அழுத்திப் பதில் அனுப்பும் சிறு கைக்கருவி. வருடத் தொடக்கத்திலிருந்தே எல்லா மாணவர்கள் கையிலும் அது இருந்தது. ஒரு வகுப்பில் ஒரு வாரத்துக்கு ஆசிரியரும் பாடம் நடத்தும் முறையும் மாறின, அதோடு அந்தக் கருவியைப் பயன்படுத்திய விதமும் மாறியது. அந்த ஒரு வாரத்தில் நடந்ததுதான் ஆய்வு.

இரண்டு வகுப்புகள்

இடம், கனடாவின் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். ஆய்வை நடத்தியவர்கள் லூயி டெலோரியே, எலன் ஷெலூ, கார்ல் வீமன் ஆகிய மூவர். வீமன் 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அதன் பிறகு தன் நேரத்தின் பெரும்பகுதியை அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்ற ஆராய்ச்சிக்குத் திருப்பினார். ஆய்வின் முடிவு 2011 மே மாதம் 'சயன்ஸ்' இதழில் வெளியானது.

பாடம், முதலாமாண்டு பொறியியல் மாணவர்களுக்கான இயற்பியல். சுமார் 850 பேர் மூன்று பிரிவுகளாகப் படித்தார்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இரண்டு பிரிவுகளில் ஒன்றில் 267 பேர், மற்றதில் 271 பேர். பெரிய அரங்கு, முன்னால் ஒரே ஆசிரியர், படிக்கட்டுபோல உயரும் இருக்கைகள். முதலாமாண்டுப் பாடத்தை இப்படி ஒரு கூட்டத்துக்கு நடத்தியவர்களுக்கு அந்தச் சூழல் நன்றாகத் தெரியும். பத்தாவது வரிசைக்கு மேல் யாருடைய முகமும் தெளிவாகத் தெரியாது.

முதல் 11 வாரங்கள் இரண்டு பிரிவுகளும் ஒரே மாதிரி நடந்தன. ஆசிரியர்கள் இருவருமே அனுபவசாலிகள், மாணவர்களிடம் நல்ல பெயர் எடுத்தவர்கள். பவர்பாயிண்டில் பாடம், மேடையில் செயல்விளக்கம், நடுவே எடுத்துக்காட்டுக் கணக்குகள். இடையிடையே ஒரு கிளிக்கர் கேள்வி வரும். திரையில் நான்கைந்து விடைகள் தெரியும், மாணவர் தன் கையிலுள்ள சிறு கருவியில் ஒரு பொத்தானை அழுத்துவார். எத்தனை பேர் எதை அழுத்தினார்கள் என்பது ஆசிரியரின் கணினியில் உடனே தெரிந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேச இடமில்லை. அவரவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், சரியான விடை அறிவிக்கப்படும், பாடம் மேலே நகரும். பதில் அனுப்பியதற்குப் பங்கேற்பு மதிப்பெண் உண்டு. ஏறக்குறைய ஒரு சிறு தேர்வுபோலத்தான் கருவி அங்கே வேலை செய்தது.

பரிசோதனைக்கு முன் இரண்டு பிரிவுகளும் எவ்வளவு ஒத்திருந்தன என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். முதல் இடைத்தேர்வில் இரண்டின் சராசரியும் 59%. இரண்டாவதில் 51%, 53%. வருகை 55%, 57%. மின்னியல், காந்தவியல் குறித்த ஒரு பொதுவான கருத்தறிவுச் சோதனையிலும் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்.

ஈடுபாட்டையும் அளந்தார்கள். பயிற்சி பெற்ற நான்கு பார்வையாளர்கள் அரங்கில் மாணவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் சுற்றியிருப்பவர்களைக் கவனித்து, பாடத்தோடு இருக்கிறார்களா இல்லையா என்று குறித்தார்கள். இரண்டு பிரிவிலும் கிடைத்த அளவு 45%. வந்திருந்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் வேறு உலகத்தில் இருந்தார்கள் என்று அர்த்தம். ஆசிரியர்கள் நல்லவர்கள், கருவி கையில் இருந்தது, அப்படியிருந்தும் 45%. இந்த நிகழ்வில் கவனம் வைக்க வேண்டிய முதல் எண் இதுதான் என்பேன். கிளிக்கர் இருப்பதால் மட்டும் ஈடுபாடு வந்துவிடும் என்றால் 11 வாரங்களில் வந்திருக்க வேண்டும்.

12ஆவது வாரம்

அந்த வாரம் மின்காந்த அலைகள் பாடம். ஒரு பிரிவில் பழைய ஆசிரியரே பழைய முறையில் நடத்தினார். மற்றொரு பிரிவுக்கு டெலோரியே வந்தார், உதவிக்கு ஷெலூ இருந்தார். டெலோரியே அப்போது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர், ஷெலூ பட்டமேற்படிப்பு மாணவி. இருவருக்கும் கற்பித்தல் அனுபவம் குறைவு. ஆனால் கற்பித்தல் ஆராய்ச்சியில் பயிற்சி பெற்றிருந்தார்கள். இரு பிரிவுகளுக்கும் பாட நோக்கங்கள் ஒன்றே, நேரமும் ஒன்றே, மொத்தம் மூன்று மணி நேர வகுப்பு.

டெலோரியேயின் வகுப்பில் விரிவுரை என்பதே ஏறக்குறைய இல்லை. மாணவர்கள் மூன்று நான்கு பக்கங்களை முன்கூட்டியே படித்து, இணையத்தில் ஒரு சிறு சரி-தவறு வினாத்தாளை முடித்துவிட்டு வர வேண்டும். வகுப்பு தொடங்கியதும் திரையில் ஒரு கேள்வி. மாணவர்கள் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களோடு விவாதித்துவிட்டு அதே பழைய கிளிக்கரில் பதில் அழுத்துவார்கள். விவாதம் நடக்கும்போது ஆசிரியர்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து, என்ன பேசுகிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்பார்கள். பிறகு அந்தப் பேச்சிலும் வாக்குகளிலும் தெரிந்த குழப்பத்தை எடுத்துக்கொண்டு விளக்கம் தருவார்கள். நடுவே சிறு குழுக்களாகத் தாளில் எழுதித் தீர்க்கும் பணிகளும் உண்டு. முதல் வகுப்பின் தொடக்கத்தில் சில நிமிடங்கள், ஏன் இப்படி நடத்தப்போகிறோம் என்று மாணவர்களிடமே விளக்கிச் சொன்னார்கள். சின்ன விஷயம்போலத் தெரியும் இது எவ்வளவு அவசியம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அப்படிப்பட்ட ஒரு கேள்வி எப்படி இருக்கும் என்று காட்ட நானே ஒன்றை எழுதுகிறேன். ஆய்வில் கேட்கப்பட்ட கேள்வி அல்ல, அந்த வகையைச் சேர்ந்தது. ஒரு மின்காந்த அலை வெற்றிடத்தில் இடமிருந்து வலமாகப் போகிறது. ஒரு கணத்தில், ஒரு புள்ளியில், மின்புலம் மேல்நோக்கி இருக்கிறது. அங்கே காந்தப்புலம் எந்தப் பக்கம்? அ) மேல்நோக்கி, ஆ) கீழ்நோக்கி, இ) தாளிலிருந்து உங்களை நோக்கி, ஈ) தாளுக்குள் உங்களை விட்டு விலகி.

சரியான விடை 'இ'. ஆனால் தவறான விடைகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைப் பிடிக்கும் வலை. 'அ' அழுத்தியவர் இரண்டு புலங்களும் ஒரே திசையில் அசைகின்றன என்று நம்புகிறார். 'ஆ' அழுத்தியவருக்கு அவை எதிரெதிர்த் திசையில் போகின்றன என்ற எண்ணம். 'ஈ' அழுத்தியவருக்குச் செங்குத்து என்பது தெரிந்திருக்கிறது, வலக்கை விதியில் எந்தப் புலத்திலிருந்து விரலை மடக்குவது என்பதில்தான் தடுமாற்றம். வாக்கு முடிந்ததும் ஆசிரியருக்குத் தெரியவேண்டியது எத்தனை பேர் தவறு என்பது மட்டுமல்ல, எந்தத் தவறு என்பது. 'ஈ'யில் கூட்டம் சேர்ந்திருந்தால் ஒரு நிமிடம் கையை நீட்டிக் காட்டினால் போதும். 'அ'வில் சேர்ந்திருந்தால் அலையின் படத்தையே மறுபடி வரைய வேண்டியிருக்கும்.

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரின் பேச்சு இப்படிப் போகும்:

"ரெண்டும் ஒண்ணாத்தானே ஏறி இறங்குது? அப்ப மேல்நோக்கித்தான் வரணும்."

"ஏறி இறங்குறது ஒரே நேரத்துல. ஆனா திசை வேற. புத்தகத்துல ஒண்ணு செங்குத்தா, இன்னொண்ணு படுக்கையா வரைஞ்சிருந்தாங்களே?"

"சரி, படுக்கைன்னே வச்சுக்குவோம். நம்ம பக்கமா, அந்தப் பக்கமா?"

"இரு, கையை வச்சுப் பாக்குறேன். மின்புலத்துலேர்ந்து காந்தப்புலத்துக்கு மடக்கினா கட்டைவிரல் அலை போற பக்கம் காட்டணும்… அப்ப நம்ம பக்கம்தான்."

இந்த அரை நிமிடப் பேச்சில் நடந்ததைக் கவனியுங்கள். முதலாமவர் 'கட்டம்' (அலை எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது), 'திசை' என்ற இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பியிருந்தார். அது வெளியே வந்தது. இரண்டாமவர் மனப்பாடமாக வைத்திருந்த விதியை முதல்முறையாகக் கையில் செய்து பார்த்தார். விரிவுரையில் ஆசிரியர் இதையே மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். இருவரும் தலையாட்டியிருப்பார்கள், குழப்பம் உள்ளேயே தங்கியிருக்கும்.

எண்கள் சொன்னது

வாரம் முடிந்து அடுத்த வகுப்பில் இரு பிரிவினருக்கும் 12 கேள்விகள் கொண்ட ஒரே சோதனை. இதன் மதிப்பெண் இறுதிக் கணக்கில் சேராது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். பழைய முறைப் பிரிவில் 171 பேர் எழுதினார்கள், சராசரி 41%. புதிய முறைப் பிரிவில் 211 பேர் எழுதினார்கள், சராசரி 74%. கண்ணை மூடிக்கொண்டு விடைகளைக் குறித்தாலே 23% கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கற்றதன் அளவில் உள்ள இடைவெளி இன்னும் பெரிது.

வருகை பழைய முறைப் பிரிவில் 53% என்று ஏறக்குறைய அப்படியே இருந்தது. புதிய முறைப் பிரிவில் 75%க்கு ஏறியது. ஈடுபாடு ஒன்றில் அதே 45%, மற்றதில் 85%. பிறகு எடுத்த கருத்துக்கணிப்பில், பதில் சொன்னவர்களில் 90% பேர் இந்த முறை பிடித்திருந்தது என்றார்கள். முழுப் பாடமும் இப்படி நடந்திருந்தால் இன்னும் கற்றிருப்போம் என்றவர்கள் 77%.

கிளிக்கர் அதே கிளிக்கர். அறை அதே அறை. மாணவர்களும் அவர்களே.

எது வேலை செய்தது?

இந்த முறைக்கு ஒரு முன்கதை உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், தன் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுத் தள்ளுவதையும், அதே மாணவர்கள் எளிய கருத்துக் கேள்விகளில் தடுக்கி விழுவதையும் 1990 வாக்கில் கவனித்தார். கனமான லாரியும் சிறு காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள் அவை. இரண்டு விசையும் சமம் என்று சொல்லும் நியூட்டனின் மூன்றாம் விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள், ஆனால் பலர் லாரி என்று விடை சொல்வார்கள். 1991இலிருந்து அவர் பாடத்தை நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டு, தனியாக வாக்களிக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரைச் சம்மதிக்க வைக்கச் சொல்லி, மறுபடி வாக்கெடுக்கத் தொடங்கினார். சக மாணவர் கற்பித்தல் என்று இந்த முறை பரவியது. தொடக்கத்தில் கையைத் தூக்கியும் அட்டைகளைக் காட்டியும்தான் வாக்கு நடந்தது, மின்னணுக் கருவி அதன் பிறகே வந்தது.

அப்படியென்றால் கருவி தேவையே இல்லையா? நதானியேல் லாஸ்ரி 2008இல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டில், ஒரு பிரிவு கிளிக்கரையும் இன்னொரு பிரிவு அட்டைகளையும் பயன்படுத்தி இதே முறையில் படித்தன. கற்றதன் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைக் கண்டு கருவியை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். கருவி செய்யும் வேலையைச் சரியாகப் பெயர் சொல்லி அழைக்க இது உதவுகிறது. 270 பேர் அரங்கில் அட்டைகளை எண்ணுவது கடினம், கிளிக்கர் நொடியில் எண்ணித் தரும். அட்டையைத் தூக்கும்போது முன்வரிசைக்காரர் எதைத் தூக்குகிறார் என்று திரும்பிப் பார்க்கலாம், கிளிக்கரில் அது முடியாது. யார் தவறு சொன்னார் என்று சக மாணவர்களுக்குத் தெரியாது என்பதால், வாய் திறக்கவே கூசும் பிள்ளையும் தைரியமாக ஒரு பக்கம் சாய்வாள். இந்த மூன்றும் உண்மையான பயன்கள். கற்றல் நடப்பது மட்டும் வேறிடத்தில்.

எங்கே நடக்கிறது என்பதை 2009இல் 'சயன்ஸ்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு அழகாகப் பிரித்துக் காட்டியது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் மிஷெல் ஸ்மித்தும் குழுவினரும் நடத்தியது அது. பக்கத்தில் இருப்பவரோடு பேசிய பிறகு விடை மேம்படுகிறது என்றால், கெட்டிக்கார மாணவரின் விடையை மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாமே? இந்தச் சந்தேகத்துக்காகவே அவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் அதே கருத்தைச் சோதிக்கும் வேறொரு கேள்வியைத் தயாரித்தார்கள். முதல் வாக்கில் சரியான விடை சராசரியாக 52%. பேசிய பிறகு அதே கேள்விக்கு 68%. சரியான விடையைச் சொல்லாமலேயே, இரண்டாவது கேள்வியைத் தனியாகப் போடச் சொன்னபோது 73%. நகல் எடுத்திருந்தால் அந்த மூன்றாவது எண் கீழே இறங்கியிருக்கும். குழுவில் யாருக்குமே முதலில் விடை தெரியாத நிலையிலும் பேசிய பிறகு முன்னேற்றம் தெரிந்தது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த செய்தி. விடை யாரிடமிருந்தும் கைமாறவில்லை, பேச்சுக்குள்ளேயே உருவாகியிருக்கிறது.

இந்த இடத்தில் ஈடுபாடு என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வகுப்புக்கு வருவது, கையை உயர்த்துவது, பொத்தானை அழுத்துவது எல்லாம் நடத்தையில் தெரியும் ஈடுபாடு. பாடம் பிடித்திருப்பது உணர்வில் தெரியும் ஈடுபாடு. தன் கருத்தைச் சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளும் உழைப்பு சிந்தனையில் நிகழும் ஈடுபாடு. கல்வி ஆய்வாளர்கள் பல காலமாக இந்த மூன்றையும் தனித்தனியே பேசி வருகிறார்கள். கருவிகள் முதல் இரண்டையும் எளிதில் தூண்டும். போட்டி இசையும் புள்ளிப் பட்டியலும் கொண்ட வினாடி வினாச் செயலியை வைத்தால் வகுப்பே துள்ளும். மூன்றாவது ஈடுபாட்டுக்குக் கேள்வியும் பேச்சும் வேண்டும். முதல் 11 வாரங்களில் வான்கூவர் மாணவர்களும் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் எதையும் தீர்மானிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கவில்லை.

ஆட்சேபங்கள்

இந்த ஆய்வின்மேல் வைக்கப்பட்ட விமர்சனங்கள் லேசானவை அல்ல. ஒரே ஒரு வாரம். புதிய ஆசிரியர், புதிய முறை என்ற பரபரப்பே மாணவர்களை உலுக்கியிருக்கலாம். முறையை நம்புகிறவர்களே பாடம் நடத்தினார்கள், சோதனையை உருவாக்கியதிலும் அவர்களுக்குப் பங்கிருந்தது. சோதனை எழுதாதவர்கள் பழைய முறைப் பிரிவில் கூடுதல்.

இவற்றில் புதுமைப் பரபரப்பு என்ற வாதத்தை நான் கனமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாரத்தில் கிடைத்த இவ்வளவு பெரிய இடைவெளி ஒரு பருவம் முழுக்க அப்படியே நீடிக்கும் என்று யாரும் நம்பக் கூடாது. முழுப் பாடங்களைப் பார்த்த ஆய்வுகள் இன்னும் அடக்கமான, ஆனால் உறுதியான எண்களைத் தருகின்றன. ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 இயற்பியல் பாடப்பிரிவுகளில் 6,542 மாணவர்களின் தரவைத் தொகுத்தார். பாடத் தொடக்கத்தில் தெரியாமல் இருந்த கருத்துகளில் எவ்வளவைப் பாடம் முடியும்போது பிடித்தார்கள் என்ற அளவில், வழக்கமான விரிவுரை வகுப்புகளில் சராசரி 0.23, மாணவர்கள் செயல்பட்டுக் கற்ற வகுப்புகளில் 0.48. ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8%, செயல்வழி வகுப்புகளில் 21.8%. நூறு பேரில் பன்னிரண்டு பேர் தோல்வியிலிருந்து தப்புகிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் பலர் படிப்பையே விட்டிருக்கக்கூடியவர்கள் என்று நினைக்கும்போது, இது வெறும் கற்பித்தல் பாணி பற்றிய விவாதமாக எனக்குத் தோன்றுவதில்லை.

மாணவர் மனநிலை பற்றி இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. டெலோரியே பின்னர் ஹார்வர்டில் இருந்தபோது சக ஆய்வாளர்களோடு 2019இல் வெளியிட்டது. செயல்வழி வகுப்பில் உட்கார்ந்த மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டதுபோல ஓர் உணர்வு வந்தது. தட்டுத்தடுமாறி யோசிப்பது சுகமான அனுபவமல்ல. அந்தத் தடுமாற்றத்தை மாணவர் தோல்வியாக எடுத்துக்கொள்வார், ஆசிரியருக்குக் குறைந்த மதிப்பீடு கொடுப்பார். முதல் நாளே சில நிமிடம் ஒதுக்கி, ஏன் இந்த முறை என்று சொல்லிவிடுவது அதனால்தான் முக்கியம். வான்கூவரில் 90% பேருக்குப் பிடித்திருந்ததற்கு அந்தச் சில நிமிடங்களும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கருவி மட்டும் போன இடங்கள்

எதிர்ப்பக்கத்துச் சான்றுகளையும் வைக்காவிட்டால் இந்த நிகழ்வின் பொருள் முழுமையாக விளங்காது. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்ற பெரும் திட்டத்தைச் சுமார் 15 மாதங்களுக்குப் பிறகு மதிப்பிட்டு, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பள்ளிகளில் கணினிப் பயன்பாடு பெரிதும் கூடியிருந்தது. கணிதத்திலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண்ணில் தாக்கம் தென்படவில்லை. பெட்டி வந்து சேர்ந்தது, பாடம் நடத்தும் முறை இருந்த இடத்திலேயே இருந்தது.

கனடாவிலேயே ஃபரியா சனாவும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் கூர்மையானது. விரிவுரையின்போது லேப்டாப்பில் வேறு வேலையும் செய்தவர்கள், செய்யாதவர்களைவிடச் சோதனையில் 11% குறைவாக எடுத்தார்கள். தாங்கள் எதையும் திறக்காமல், மற்றவரின் திரை கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்தவர்களோ 17% குறைவாக எடுத்தார்கள். கையில் திரை கொடுத்துவிட்டுக் காதுக்கு மட்டும் வேலை கொடுக்கும் வகுப்பில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். செய்வதற்கு ஒன்றுமில்லாத மனம் பக்கத்துத் திரைக்குத் தாவும்.

வேறொரு வகுப்புக்குக் கொண்டுபோகும்போது

இதைத் தன் வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர் முதலில் தன்னிடம் இருக்கும் கருவியோடு தொடங்கலாம். கைபேசியோ, அச்சிட்ட அட்டையோ, வெறும் விரல்களோ போதும். கவனம் முழுக்கக் கேள்வியில் இருக்கட்டும். புத்தகத்தைப் பார்த்து ஒரு வரியில் எடுத்து எழுதக்கூடிய கேள்வி விவாதத்தை உண்டாக்காது. "இந்த விதியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால் பேச என்ன இருக்கிறது? முதல் வாக்கில் வகுப்பு இரண்டு மூன்று விடைகளுக்கிடையே பிளவுபட வேண்டும். மசூரின் வழியைப் பின்பற்றுகிறவர்கள் ஒரு தோராய அளவு வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே சரியாகச் சொன்னால் கருத்தை மறுபடி விளக்க வேண்டும், ஏனென்றால் அந்த நிலையில் பேச்சு குருட்டுத்தனமாகப் போகும். 70%க்கு மேல் சரியென்றால் ஒரு வரி விளக்கத்தோடு நகரலாம். இடைப்பட்ட நிலைதான் பேசவிடுவதற்கு ஏற்றது.

முதல் வாக்கின் பட்டை வரைபடத்தைப் பேச்சுக்கு முன் திரையில் காட்டக் கூடாது. இதைப் பல செயலிகள் தாமாகவே காட்டிவிடும், அமைப்புகளில் போய் அணைத்து வைக்க வேண்டும். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிந்த நொடியே மாணவர்கள் அந்தப் பக்கம் சாய்வார்கள், அது சரியோ தவறோ. பேச்சு அங்கேயே செத்துவிடும்.

சரியான விடைக்கு மட்டும் அதிக மதிப்பெண் என்று வைப்பதையும் தவிர்க்கச் சொல்வேன். அப்படி வைத்த வகுப்புகளில் ஜோடியில் அதிகம் தெரிந்தவர் பேச, மற்றவர் கேட்டுக்கொண்டு அதையே அழுத்துவது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பதில் அனுப்பியதற்கு ஒரு சிறு மதிப்பெண் போதும். தவறாகச் சொல்ல இடம் இருக்கும்போதுதான் பிள்ளைகள் தங்கள் உண்மையான எண்ணத்தை வெளியே எடுப்பார்கள்.

மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதும் ஆசிரியர் பழக வேண்டிய ஒன்று. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் பல வருடங்களுக்கு முன்பே வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடி அளவே பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று காட்டினார். மூன்று நொடி காத்தாலே பதில்களின் நீளமும் தரமும் கூடின. கிளிக்கர் கேள்விக்கு முதல் வாக்கைத் தனியாக, பேச்சில்லாமல் எடுத்துப் பார்க்க நான் பரிந்துரைப்பது இதனால்தான். டெலோரியேயின் வகுப்பில் நேரடியாகப் பேச்சுக்குப் போனார்கள், அதுவும் நடக்கும். ஆனால் மெதுவாக யோசிக்கும் மாணவருக்கு அந்த அமைதி ஒரு நியாயமான வாய்ப்பு.

ஈடுபாடு கூடியதா என்று அறிய வான்கூவரில் செய்ததையே சிறிய அளவில் செய்யலாம். சக ஆசிரியர் ஒருவரைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லி, சுற்றியிருக்கும் பத்துப் பேரை மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்கச் சொல்லலாம். புதிய முறையைத் தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை இதைச் செய்துவைக்காவிட்டால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது. செயலி காட்டும் 'பங்கேற்பு 96%' என்ற எண்ணை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை விரல்கள் அழுத்தின என்பதை மட்டுமே அது சொல்லும்.

கடைசியாக, செலவு. அந்த ஒரு வாரத்தின் முதல் வகுப்பைத் தயாரிக்க ஆய்வுக் குழுவுக்குச் சுமார் 20 மணி நேர உழைப்பு ஆனது. மூன்றாவது வகுப்புக்கு அது 10 மணி அளவுக்கு இறங்கியது. கருவிகள் ஏற்கெனவே இருந்தன, அவற்றுக்குப் புதிதாக ஒன்றும் செலவாகவில்லை. செலவு முழுக்கக் கேள்வி எழுதுவதிலும், அதை மாணவர்களிடம் முன்கூட்டியே சோதித்துத் திருத்துவதிலும், குழுப்பணிகளை உருவாக்குவதிலும் போனது. ஆகவே ஒரு கல்வி நிறுவனம் இந்த முறைக்கு நிதி ஒதுக்கும்போது, கருவிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஆசிரியர்களுக்கான தயாரிப்பு நேரத்தையும் ஒரு வரியாக எழுத வேண்டும். பாடச் சுமையில் அதற்கு ஈடாகக் குறைப்பும் தர வேண்டும். ஒரே பாடத்தை நடத்தும் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் கேள்விகளைப் பங்குபோட்டு எழுதலாம். எந்தத் தவறான விடைக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்று குறித்துவைத்தால், யாருமே தொடாத விடையை எடுத்துவிட்டு, விடைத்தாள்களில் மாணவர்கள் உண்மையில் எழுதிய தவறு ஒன்றை அந்த இடத்தில் வைக்கலாம். அடுத்த வருடம் அதே கேள்வி இன்னும் நன்றாகப் பிளவுபடும், தயாரிப்புக்கு ஆகும் நேரமும் குறையும்.